இல்லாத பெண்ணுக்கு வந்த வரன்

இராசலிங்கம் கதவைத் தட்டவில்லை. நேரே உள்ளே வந்து, மழையில் நனைந்த குடையைச் சரோஜினிதேவியின் மேசை மேல் வைத்தார். அடுக்கியிருந்த ஜாதகப் பிரதிகளில் தண்ணீர் சொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை. பின்னாலேயே வந்த மனைவி நேசம்மா கதவோரமாக நின்றுகொண்டாள்.

"நீங்க யாருக்கிட்ட சொன்னீங்க?" என்றார் அவர்.

சரோஜினிதேவிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இவர்கள் மகள் அருந்ததிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கண்டியில் பேங்கில் வேலை செய்கிறான். சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவள் அவள்தான். படியில் காலடிச் சத்தம் கேட்டபோது, புடவை எடுக்க டவுனுக்கு வந்தவர்கள் அப்படியே ஏறி வருகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"எதைச் சொன்னேன்? உக்காருங்க முதல்ல."

"உக்கார வரல. காலையில கண்டியிலருந்து போன் பண்ணாங்க. நிச்சயதார்த்தம் வேணாமாம். உங்க மகன் கட்டார்ல இல்லியாமே, உள்ள இருக்கானாமேன்னு மாப்பிள்ளையோட தாய் கேக்கிறாங்க. எந்த மாசம் பிடிச்சது, எங்க வச்சிருக்கிறது, எல்லாம் அவங்களே எனக்குச் சொல்றாங்க."

சரோஜினிதேவி எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள்.

"நாங்க மூணு பேரும் சொல்லல," என்றாள் நேசம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "வெளியில தெரிஞ்சது உங்களுக்கு மட்டுந்தான் மிஸ்."

"நான் யாருக்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரருக்கிட்டகூட சொல்லல."

இராசலிங்கம் குடையை எடுத்துக்கொண்டார். "அப்ப சுவரா சொல்லிச்சு?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். நேசம்மா ஒரு நிமிஷம் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலுமாரி, நாற்காலிகள், மூலையிலிருந்த கொம்பியூட்டர். பிறகு அவளும் போய்விட்டாள்.

அது 2008ஆம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடி இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மாத்தளை, தம்புள்ளை, கண்டிப் பக்கம் அரசாங்க வேலையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு வரன் தேட ஊருக்குப் போக முடியாமல் தவித்தன. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு வாங்கிய சரோஜினிதேவி, திருகோணமலை வீதியில் ஸக்கரியாவின் கொம்யூனிகேஷன் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையை எடுத்து, திருமண சேவை நடத்தத் தொடங்கியது அப்படித்தான். விளம்பரம் எதுவும் போடவில்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் அவள் பெயர் அடிபட்டால் அடுத்த வாரம் நாலு பேர் படியேறி வந்தார்கள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஜாதகம், படிப்பு, தொழில் எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, தாய் தகப்பனைத் தனியாக உட்கார வைத்து, "பிற்பாடு தெரிஞ்சா பிரச்சினையாகும்னு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க," என்பாள். சொல்வார்கள். சின்ன வயதில் வந்த வலிப்பு, கல்யாணப் பதிவு வரை போய் முறிந்துபோன முதல் சம்பந்தம், சண்டை நடக்கும் வன்னியில் இருக்கும் அண்ணன், யாரோ வெள்ளை வேனில் கொண்டுபோய்த் திரும்பி வராத மாமன். அதையெல்லாம் கொம்பியூட்டரில் அந்தந்தப் பெயருக்குக் கீழே 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதி வைப்பாள். இரண்டு பக்கமும் மனம் ஒத்துவந்த பிறகு, உரியவர்களையே உரியவர்களிடம் சொல்ல வைப்பாள். மறைத்துச் செய்த கல்யாணங்கள் முறிந்ததை அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

இராசலிங்கம் நாவுலயில் தபாலதிபர். முன்பு கிளிநொச்சித் தபாற்கந்தோரில் வேலை செய்தபோது பிறந்தவன் மகன் நிமலன். கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டு வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருந்தவனை, ஒரு சுற்றிவளைப்பில் அடையாள அட்டையில் இருந்த பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போலீஸார் கொண்டுபோனார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான். ஊருக்குச் சொல்லியிருப்பது, அவன் கட்டாரில் இருக்கிறான் என்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி சரோஜினிதேவி வற்புறுத்தி, இராசலிங்கமும் சம்மதித்து, இந்த ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் போய் நேரில் சொல்வதாக இருந்தார். அவர் வாயால் சொல்லியிருந்தால் எப்படியிருக்குமோ. அதற்குள் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

அன்று பகல் முழுவதும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. யார் என்று யோசிக்க யோசிக்க மனம் ஒரே இடத்துக்குத்தான் போனது. போக வேண்டாம் என்று தடுத்தாலும் போனது. கொம்பியூட்டரில் கை வைக்கும் இன்னோர் ஆள் ஸக்கரியா மட்டும்தான்.

ஸக்கரியாவுக்கு அவள் வயதுதான் இருக்கும்; அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவாள். கீழே போட்டோக்கொப்பி, தொலைபேசி, இன்டர்நெட் என்று கடை நடத்துகிறவர். போன வருஷம் சித்திரை மாத இடியில் தொலைபேசி வயர் வழியாக மின்னல் இறங்கி அவள் கொம்பியூட்டர் கருகிப்போனது. சிடியில் எடுத்து வைத்திருந்த கொப்பிகளில் பாதி பூஞ்சணம் பிடித்துத் திறக்கவே இல்லை. எத்தனையோ வீட்டாரிடம் திரும்பப் போய், "இன்னொருக்கா ஜாதகம் தாங்க," என்று கேட்க வேண்டி வந்தது. அப்போது ஸக்கரியாதான், இனி எழுதி வைப்பதன் ஒரு கொப்பி தினமும் இன்டர்நெட் வழியாகத் தூரத்தில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இங்கே இடி விழுந்தாலும் அங்கே இருக்கும் என்று சொல்லி, அந்தச் சேவை தரும் கொம்பனிகளைத் தேடினார். கடைசியில் இரண்டு மிஞ்சின.

ஒன்று வெளிநாட்டுக் கொம்பனி. எல்லாம் ஆங்கிலம். பேச ஒரு மனிதர் கிடையாது. விவரங்கள் இந்தக் கொம்பியூட்டரிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகும், பூட்டைத் திறக்கும் சொல் உங்களிடம் மட்டும் இருக்கும், அதை மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது என்று போட்டிருந்தது.

"இவங்க கையில சாவி இல்லியாம் மிஸ். யோசிச்சுப் பாத்தா அதுவும் நல்லதுதான்," என்றார் ஸக்கரியா.

"நான் மறந்துட்டா?" என்றாள் அவள். பேங்க் கார்டு இலக்கத்தையே மறந்துவிட்டுக் கவுண்டரில் நின்றவள் அவள்.

மற்றது கொழும்புக் கொம்பனி. அவர்கள் ஆள் தர்மராஜா மாத்தளைக்கே வந்தான். முப்பது வயதிருக்கும். படியேறி வந்து, கொடுத்த பிளேன்டீயைக் குடித்து, தன் தாய்க்கு ஊர் பக்கத்திலுள்ள உக்குவளைதான் என்று சொன்னான். அவளை 'அக்கா' என்று கூப்பிட்டான். "பாஸ்வேர்ட் மறந்துட்டா ஒண்ணும் யோசிக்காதீங்க அக்கா. ஒரு கோல் எடுங்க, நாங்க திறந்து தருவோம்." அந்த ஒரு வார்த்தையில் அவள் மனம் சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் பின்னேரம் திரையின் அடியில் ஒரு பச்சை அடையாளம் வரும். இன்றைய வேலை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அறையைப் பூட்டுவாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவள் கீழே போனாள். ஸக்கரியா மிஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, ஒண்ணு கேக்கணும். நீங்க என் கொம்பியூட்டரைத் திருத்துறப்போ உள்ள இருக்கிறதை எப்பவாவது வாசிச்சிருக்கீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். நடந்ததை அவள் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. சொல்லி முடிக்கும்போதே தான் செய்வது என்னவென்று அவளுக்கு விளங்கியது. ஆனால் வாயை விட்டு வந்துவிட்டது.

ஸக்கரியா பேப்பர் கட்டைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என் மேல சந்தேகம் வர்றது நியாயந்தான். உங்க ரூமோட மத்தச் சாவி என்கிட்ட இருக்கு. பாஸ்வேர்டும் தெரியும்." இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைக் கழற்றினார். "நாளைக்கு நான் அக்குறணைக்குப் போறேன். மகள் றமீஸாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, ரெண்டு கிழமை அங்கதான். கடையைத் தம்பி பாத்துக்கிருவான், அவனுக்குக் கொம்பியூட்டர்ல தட்டெழுதக்கூடத் தெரியாது. நீங்க பாஸ்வேர்டை மாத்துங்க. மாத்திட்டு, இல்லாத ஒரு பிள்ளையை எழுதி வைங்க. பேரு, ஊரு, எல்லாம் பொய்யா. யாருக்கும் சொல்ல வேணாம், எனக்கும் வேணாம். பிறகு பாப்போம்."

"எதைப் பாக்கிறது?"

"யாராவது கேட்டு வர்றாங்களான்னு."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் திரும்பிப் பேப்பரை எடுத்து மிஷினில் மாட்டத் தொடங்கிவிட்டார்.

அன்று பின்னேரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ஒரு பெண்ணை உண்டாக்கினாள். பெயர் சுபத்திரா. தகப்பன் உருத்திரமூர்த்தி, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள். ரோகிணி நட்சத்திரம். கணக்காளர் படிப்பு. வெள்ளவத்தையில் சொந்த வீடு. எழுத எழுத, யாருக்கும் ஆசை வரும்படியான பிள்ளையாக அது வளர்ந்தது. குறிப்பு என்ற இடத்துக்கு வந்ததும் கை தயங்கியது. கொஞ்ச நேரம் யோசித்து, 'சிறு வயதில் காய்ச்சலில் இடது காது கேட்காமல் போனது, இப்போது பரவாயில்லை' என்று எழுதினாள். பச்சை அடையாளம் வந்தது. அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கணவர் சுந்தரலிங்கம் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். தலையிடி என்றாள்.

ஒரு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த சிலரின் போன் வந்தது, பழைய ஆட்கள் வந்தார்கள். தர்மராஜாகூட ஒரு நாள் போன் பண்ணி, "எல்லாம் நல்லாப் போகுதா அக்கா?" என்று விசாரித்தான். எதுவும் நடக்காமல் போனால் ஸக்கரியாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது, நடந்தால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் அவள் பயந்தாள்.

அடுத்த கிழமை ஒரு முற்பகல் போன் அடித்தது.

"மாத்தளை சரோஜினி மிஸ்ஸா? நான் கொழும்பிலருந்து கிருஷ்ணம்மா பேசுறேன். நானும் உங்களைப் போலத்தான், கல்யாணம் பேசுறது. உங்ககிட்ட ஒரு பிள்ளை இருக்காமே, சுபத்திரான்னு. உருத்திரமூர்த்தி இஞ்சினியரோட மகள்."

சரோஜினிதேவி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், இருக்கிறீங்களா?"

"இருக்கிறேன். உங்களுக்கு யார் சொன்னது?"

"நல்ல பிள்ளைங்கன்னா நாலு பேர் சொல்லத்தானே செய்வாங்க. ரோகிணி நட்சத்திரம்தானே? எங்ககிட்ட ஒரு தம்பி இருக்கார், லண்டன்ல. நல்லாப் பொருந்தும்." பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, பெரிய மனது பண்ணுகிறவள் போலச் சொன்னாள். "அந்தப் பிள்ளைக்கு ஒரு காது கொஞ்சம் மந்தமாமே. அதையெல்லாம் நாங்க பெருசா எடுக்க மாட்டோம். நீங்க மறைக்கத் தேவையில்ல."

சரோஜினிதேவி ரிசீவரை வைத்துவிட்டாள். பிறக்காத பெண். கதவைச் சாத்திக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்து விரலால் தட்டிய பெண். அந்தப் பெண்ணின் காதைப் பற்றிக் கொழும்பில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பெல்லாம் கூசியது. தான் உடுப்பு மாற்றும்போது யாரோ சுவருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. பிறகுதான், பார்க்கப்பட்டது தான் இல்லை என்பது உறைத்தது. அந்த வலிப்பு வந்த பிள்ளை. வெள்ளை வேனில் போன அந்த மாமன். ஒவ்வொருவராக நினைவுக்கு வரத் தொடங்கினார்கள்.

அக்குறணையிலிருந்த ஸக்கரியாவுக்குப் போன் எடுத்தாள். "நானா, போன் வந்துருச்சு."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ பச்சைப் பிள்ளை அழுவது கேட்டது.

"நான் உங்களை..." என்று தொடங்கினாள்.

"அது பிறகு மிஸ். முதல்ல அந்த லைனைக் கழட்டுங்க. இன்னைக்கு எதுவும் போகக் கூடாது."

குனிந்து வயரைப் பிடுங்கினாள். பின்னேரம் பச்சை அடையாளம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு அடையாளம் வந்து, உங்கள் விவரங்கள் பாதுகாப்பாக இல்லை என்று எச்சரித்தது.

இரண்டு நாள் கழித்து, அக்குறணையிலிருந்து திரும்பி வந்த ஸக்கரியாவும் அவளும் கொழும்புக்குப் பஸ் ஏறினார்கள். கடவத்தையில் எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவாய் என்று சிங்களத்தில் கேட்ட ஆமிப் பையனுக்கு அவள் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். கொம்பனி பெயரைச் சொன்னதும், அது என்ன கொம்பனி என்று கேட்டான். சாமான் பத்திரமாக வைத்திருக்கும் இடம் என்றாள்.

பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி. தர்மராஜா அவளைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தான். "என்னக்கா, சொல்லாம வந்திருக்கீங்க. சாப்பிட்டீங்களா?" என்று நாற்காலி இழுத்துப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. "கிருஷ்ணம்மான்னு யாரு?"

அவன் முகம் மாறும் என்று பார்த்தாள். மாறவில்லை. சிரித்தான். "எங்க மாமியார்தான். பேசினாங்களா? நல்ல மனுஷி அக்கா. உங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்து தொழில் செய்யலாம்னு நானே சொல்லணும்னு இருந்தேன்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்." அவன் தன் மேசைக் கொம்பியூட்டரைத் திருப்பினான். "உங்க வேலையெல்லாம் ஒழுங்கா வந்து சேருதான்னு திறந்து பாக்கணும்தானே. அப்ப கண்ணுல படுது. நான் எதையும் எடுக்கல அக்கா. பாத்தேன், வீட்டுல பேச்சுவாக்கில சொன்னேன். நாலு பிள்ளைங்களுக்கு நல்லது நடந்தா நடக்கட்டுமேன்னு."

திரையில் அவளுடைய அறை முழுவதும் இருந்தது. அவள் வைத்த பெயர்கள், அவள் எழுதிய குறிப்புகள், அவள் செய்த எழுத்துப் பிழைகள் எல்லாம். அவன் எதுவும் தட்டவில்லை, பாஸ்வேர்ட் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பையன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"கண்டி மாப்பிள்ளை வீட்டுக்கு நாவுலப் பிள்ளையோட தம்பியைப் பத்திச் சொன்னதும் உங்க மாமியாரா?"

இப்போதுதான் அவன் கொஞ்சம் தயங்கினான். "அந்த மாப்பிள்ளைக்கு மாமியும் ஒரு இடம் பாத்துக்கிட்டிருந்தாங்க. உண்மையைத்தானே சொல்லிருக்காங்க."

ஸக்கரியா இப்போது கேட்டார். "தம்பி, இதை உங்க ஒபிஸ்ல யாரெல்லாம் பாக்கலாம்?"

"எல்லாரும்தான். கஸ்டமருக்கு ஒரு அவசரம்னா திறக்கணுமே."

"போலீஸ் வந்து, தடுப்பில இருக்கிற பிள்ளைங்க இருக்கிற வீடு, வன்னியில ஆள் இருக்கிற வீடு எதுன்னு கேட்டா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல." அவன் அதை ஒரு பெருமை போலத்தான் சொன்னான். "கேட்டா குடுக்கணும்தானே நானா. இந்தக் காலத்துல முடியாதுன்னு சொல்லலாமா?"

சரோஜினிதேவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரின் வம்பைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தாள். இது அவள் நினைத்தும் பார்க்காதது. மாத்தளை மாவட்டத்தில் எந்தத் தமிழ் வீட்டில் என்ன பயம் இருக்கிறது என்பதை ஒழுங்காக, பெயர் வாரியாக, விலாசத்தோடு எழுதி, தினமும் பின்னேரம் தானே அனுப்பி வைத்திருக்கிறாள். அனுப்பிவிட்டுப் பச்சை அடையாளத்தைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு மனேஜர் வந்தார். விஷயம் தெரிந்ததும் ஆங்கிலத்தில் பல தரம் மன்னிப்புக் கேட்டார். தர்மராஜாவை உள்ளே போகச் சொன்னார். போகும்போது அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில், தான் என்ன தப்புச் செய்தேன் என்ற திகைப்புத்தான் இருந்தது. மனேஜர் தன் கையாலேயே எல்லாவற்றையும் அழித்து, வெறுமையான திரையை அவளுக்குக் காட்டினார்.

"எல்லாம் போயிருச்சா?" என்று கேட்டாள்.

"இங்கே இருந்தது எல்லாம் போய்விட்டது மெடம்."

"வேற எங்க இருக்கு?"

அவர் ஸக்கரியாவைப் பார்த்தார். மாதா மாதம் ஒரு கொப்பி டிஸ்க்கில் எழுதி வேறொரு கட்டடத்துக்கு அனுப்புவார்களாம். இங்கே நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று. அந்த டிஸ்க்குகளில் எல்லாக் கஸ்டமருடையதும் கலந்து இருக்குமாம். ஒருவருடையதை மட்டும் அழிக்க முடியாதாம்.

"பாதுகாப்புக்காகத்தான் மெடம்," என்றார்.

திரும்பி வரும் வழியில், குருணாகலில், பஸ் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றபோது அவள் சொன்னாள். "நானா, அன்னைக்கு நான் உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது பரவால்ல," என்றார் அவர். "ஆனா எனக்கு மனசு நொந்ததும் உண்மை. அதை இல்லைன்னு சொல்லமாட்டேன்." பிறகு எழுந்து போய் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தார்.

அந்தக் கிழமையே வெளிநாட்டுக் கொம்பனியை எடுத்தார்கள். கட்டணத்துக்குக் கனடாவிலிருக்கும் தங்கையின் கார்டு உதவியது. இம்முறை யாருடைய இனிய பேச்சையும் அவள் கேட்கவில்லை. ஸக்கரியாவைக் கீழே அவர் கடைக் கொம்பியூட்டரில் உட்கார வைத்து, கணக்கில் நுழையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, உள்ளே புகுந்து பார்க்கச் சொன்னாள். அவர் புகுந்தார். அவள் அனுப்பியது அங்கே இருந்தது. ஆனால் திறந்தால் ஒரு சொல்கூட இல்லை. பூச்சி ஊர்ந்த மாதிரி அர்த்தமில்லாத குறிகள். பிறகு அவள் வந்து, அவரை அப்பால் திரும்பச் சொல்லிவிட்டுத் திறவுச் சொல்லைத் தட்டினாள். குறிகள் எழுத்தாயின. அந்தச் சொல்லை அவள் யாருக்கும் சொல்லவில்லை. எங்கும் எழுதவும் இல்லை. மறந்துவிட்டால் எல்லாம் போய்விடும். போனால் போகட்டும் என்று இப்போது தோன்றியது.

அது முடிந்ததும் மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. மறுநாள் காலை நாவுல பஸ்ஸில் ஏறினாள்.

தபாற்கந்தோர் விடுதியின் முன்னறையில் மூவரும் இருந்தார்கள். நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னாள். தன் ஒபிஸிலிருந்துதான் போனது, தான் தெரிந்தெடுத்த கொம்பனி வழியாகத்தான் போனது, கொப்பி இன்னும் எங்கோ இருக்கிறது. இராசலிங்கம் கடைசி வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகனோட பேரும் அதில இருக்கா? முகாமோட பேரும்?" என்றார்.

"இருக்கு."

நேசம்மா எழுந்து குசினிக்குள் போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவள் சும்மா அங்கே நின்றிருக்க வேண்டும்.

அருந்ததிதான் பேசினாள். படிப்பிக்கும் பாடசாலைக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டு நின்றவள் போகாமல் நின்றுவிட்டாள். "அந்தக் கல்யாணத்தை விடுங்க மிஸ். தம்பியைப் பாக்க அப்பா மாசா மாசம் போறவர். இனிப் போறப்போ பயந்துக்கிட்டுத்தான் போவார். அதுக்கு என்ன செய்யிறது?"

அவள் சரோஜினிதேவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இப்படி எத்தனை வீடு இருக்கு?"

"நிறைய."

"அவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"இல்ல. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

அருந்ததி கதவை நன்றாகத் திறந்துவிட்டாள். "அப்ப எங்க வீட்டுல உக்காந்திருக்காதீங்க. போய்ச் சொல்லுங்க. அவங்களாவது தெரிஞ்சுக்கிட்டு இருக்கட்டும்."

அவள் எழுந்தாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் மாத்தளை பஸ் புறப்பட நின்றது. ஏறி உட்கார்ந்ததும், இனி எந்த வீடு என்று யோசித்தாள். பல்லேபொலயில் ஒரு விதவைத் தாய் நினைவுக்கு வந்தாள். மூத்த மகன் வவுனியாவில் காணாமல் போனவன். இரண்டாவது மகளுக்கு வரன் கேட்டு வந்து, அதைச் சொல்லும்போது ஒரு தரம்கூட அழாதவள்.

மாத்தளையில் பஸ் மாறி, பல்லேபொலச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போனாள். மிளகுக் கொடி படர்ந்த வேலிக்குள் வீடு. முற்றத்தில் கிராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய், கேற்றடியில் அவளைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. தேடி வந்திருக்கிறாள் என்றால் ஒரே காரணம்தானே இருக்க முடியும்.

"வாங்க மிஸ், வாங்க. நீங்களே வந்திருக்கீங்க," என்றவள், உள்ளே திரும்பி மகளைக் கேத்தலை அடுப்பில் வைக்கச் சொன்னாள். நாற்காலியைத் தூசு தட்டி நிழலில் போட்டாள். "எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேட்டாள், ஆவலை அடக்க முடியாமல்.

சரோஜினிதேவி உட்காராமல் அவள் கையைப் பிடித்தாள். அந்தத் தாயின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"வரன் ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "நான் வேற ஒண்ணு சொல்ல வந்திருக்கிறேன். பிள்ளையையும் கூப்பிடுங்க."